எஞ்சின் வேலைக்குப் பிறகு மக்கர் பண்ணும் பழைய பைக்: பாஸிடமா, வீட்டிலா, கொழும்புக்கா?

போன மாதம் மட்டும் மூன்று பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டார்கள். பொகவந்தலாவையில் ஓர் ஆசிரியருக்கு ஹொண்டா சிடி 125 பென்லி. போர் அடித்து (சிலிண்டரின் உட்பக்கத்தைக் கடைந்து அகலமாக்கி), புது பிஸ்டன் போட்டு வந்த வண்டி, சூடானதும் நின்றுவிடுகிறது. ஹப்புத்தளையில் ஒரு தம்பிக்கு அப்பா ஓடிய ஹொண்டா எம்டி 90. ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி, வால்வுகள் இருக்கும் இடம்) வேலைக்குப் பிறகு ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஏற்றத்தைக் கண்டதும் மூச்சு வாங்குகிறது. மூன்றாமவர் ராகலையில் மரக்கறித் தோட்டம் வைத்திருப்பவர். அவருடையது பழைய யமஹா டூ ஸ்ட்ரோக். பிஸ்டனோடு சேர்ந்து சுற்றும் தண்டான கிராங்கில் வேலை முடிந்து வந்ததிலிருந்து ஐட்லிங் (கைவிசையைத் திருப்பாதபோது எஞ்சின் ஓடும் வேகம்) ஒரு நேரம் ஏறுகிறது, ஒரு நேரம் விழுகிறது.

மூவருக்கும் ஒரே தடுமாற்றம். வேலை செய்த பாஸிடமே (மெக்கானிக்கிடமே) திரும்பக் கொடுப்பதா, தானே கழற்றிப் பார்ப்பதா, லொறியில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்புவதா, அல்லது காற்றில் பெற்றோலைக் கலந்துவிடும் கார்பரேட்டரைப் புதிதாக வாங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பதா?

"இதையெல்லாம் விற்றுவிட்டுப் புதுசு வாங்கு" என்பவர்களுக்கு இங்கே இடமில்லை. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்ற பிறகு இந்தப் பழைய வண்டிகளை விற்றவர்கள் எத்தனை பேர் கையைப் பிசைந்தார்கள் என்று மலையகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

## எதை வைத்து முடிவெடுப்பது?

காசு என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். நான் காசை மூன்றாவதாக வைப்பேன்.

முதலில் பார்க்க வேண்டியது, அந்த வழியில் போனால் காரணம் தெரியவருமா என்பது. வண்டி ஓடத் தொடங்குவதும் காரணம் தெரிவதும் இரண்டு வேறு விஷயங்கள். காரணம் தெரியாமல் சரியான வண்டி அடுத்த மழைக்குள் பழையபடி ஆகிவிடும். இரண்டாவது, அந்த வழியில் போகும்போது எஞ்சினுக்குப் புதிதாக ஏதும் கேடு வருமா என்பது. போர் அடித்த சிலிண்டரை இன்னொரு தடவை அடிக்கச் சொன்னால் அது போனது போனதுதான். மூன்றாவது காசு. நான்காவது நாள் கணக்கு. ஐந்தாவதாக ஒன்று உண்டு, அது மலைநாட்டுக்கே உரியது: சரிசெய்த இடத்தின் உயரமும் நாம் ஓட்டும் இடத்தின் உயரமும் ஒன்றா?

இந்த ஐந்தாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர். அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஏறத்தாழ 17 வீதம் குறைவு. கார்பரேட்டருக்கு இது தெரியாது. காற்றுக் குறைந்த அளவுக்குப் பெற்றோலைக் குறைக்காமல் விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் கொழும்பில் கச்சிதமாக டியூன் செய்த வண்டி, மேலே வந்ததும் பெற்றோல் கூடிப்போய், பிளக் கறுத்து, திணறும். சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தத்தைக் காட்டும் கம்ப்ரஷன் மீற்றரிலும் இதே கதைதான். கடல்மட்டத்தில் 150 பிஎஸ்ஐ காட்டும் நல்ல எஞ்சின் ஹட்டனில் 130 அளவிலும் நுவரெலியாவில் 120 அளவிலும்தான் காட்டும். அந்த 120ஐப் பார்த்து "பிஸ்டன் ரிங் சரியில்லை" என்று நல்ல எஞ்சினைத் திரும்பப் பிரித்தவர்களை எனக்குத் தெரியும்.

## இரண்டே சந்தேக நபர்கள்

எந்த வழியைத் தேர்ந்தாலும் இது மனதில் இருக்கட்டும். வேலைக்கு முன் ஓடிய வண்டி வேலைக்குப் பின் ஓடவில்லை என்றால், சந்தேகம் இரண்டு இடத்தில்தான். ஒன்று, கைபட்ட இடம். மற்றது, கைபடாமல் சும்மா கிடந்த இடம்.

இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சிலிண்டர் லேத் பட்டறைக்குப் போய், பிஸ்டன் கிடைக்காமல், இரண்டு மூன்று மாதம் போய்விடும். அவ்வளவு நாளும் கார்பரேட்டரில் நின்ற பெற்றோல் பிசினாகி, ஐட்லிங்குக்குப் பெற்றோல் விடும் சிறு துளையான ஸ்லோ ஜெட்டை அடைத்திருக்கும். டாங்க் பாதி காலியாக இருந்தால் இந்தப் பக்கத்து ஈரத்துக்கு உள்ளே துரு பிடித்திருக்கும். தீப்பொறிக்காகத் திறந்து மூடும் மின் தொடுமுனையான பொயின்ட்டில் படலம் படிந்திருக்கும். இதில் எதற்கும் பாஸ் பொறுப்பில்லை, ஆனால் ஏச்சு வாங்குவது அவர்தான்.

## வழி 1: வேலை செய்த பாஸிடமே திரும்பப் போவது

என்ன கழற்றினார், எதைப் புதிதாகப் போட்டார், எதைப் பழையதையே துடைத்துப் போட்டார் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். வேறு யாரிடம் கொடுத்தாலும் அந்த வரலாறு இல்லாமல் முதலிலிருந்து தேட வேண்டும். முதல் வாரத்துக்குள் போனால் பெரும்பாலும் கூலியும் கேட்க மாட்டார்கள். அதனால் எஞ்சினுக்கு உள்ளே பிழை என்று தோன்றினால் இதுதான் முதல் வழி. ஒயில் கசிவு, நீலப் புகை, தட்டும் சத்தம், கம்ப்ரஷன் இல்லாமல் கிக் சும்மா இறங்குவது எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

ஹப்புத்தளைத் தம்பிக்கும் இதைத்தான் சொன்னேன். ஹெட் வேலை செய்து பூட்டும்போது வால்வுகளைத் திறக்கும் கேமைச் சுற்றும் டைமிங் செயின் ஒரு பல் தள்ளி விழுந்திருந்தால், வண்டி ஸ்டார்ட் ஆகும், ஐட்லிங்கும் சீராக இருக்கும், ஆனால் இழுவை இருக்காது. சரிபார்ப்பது அரை மணி நேர வேலை. கிராங்கின் முனையில் சுற்றும் ரோட்டரில், பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் டி குறியை நேராக்கிவிட்டு, கேம் பல்சக்கரத்தின் குறி எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும். அதைப் பார்க்க வேறு ஊருக்கு ஏன் போக வேண்டும்?

மறைந்த செலவுகள் இரண்டு. ஒன்று, "ரிங் இன்னும் உட்காரவில்லை, ஐந்நூறு கிலோமீற்றர் ஓட்டிப் பாருங்கள்" என்ற பதில். புகைக்கு இது ஓரளவு நியாயமான பதில். சூடானதும் நிற்கும் வண்டிக்கோ ஐட்லிங் சீராக இல்லாத வண்டிக்கோ இது பதிலே இல்லை. இரண்டாவது பெரிய ஆபத்து. கோபத்திலோ வெட்கத்திலோ பாஸ் அளந்து பார்க்காமலே "இன்னொரு சைஸ் அடிச்சிடுவோம்" என்பார். பழைய ஹொண்டாக்களுக்கு ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீற்றர் என்று நான்கு படிதான். ஒவ்வொரு தடவையும் ஒரு படி போகிறது. ஒரு டெப்பட் (வால்வு முனையில் விட வேண்டிய சிறு இடைவெளி) பிழைக்காக ஒரு படியை இழப்பது கொடுமை.

எப்படிக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். நான் கேட்பது இப்படி: "அண்ணே, குறை சொல்ல வரல. ஆறியிருக்கும்போது நல்லா ஓடுது, சூடானா நின்னுடுது. ஹெட்டைக் கழட்டுறதுக்கு முன்னாடி டெப்பட்டை மட்டும் பார்ப்போமா?" அறிகுறியைச் சொல்ல வேண்டும், நோயின் பெயரை நாமே சொல்லக் கூடாது. பழைய பிஸ்டன், பழைய பெக்கிங், பழைய ரிங் எல்லாவற்றையும் ஒரு பையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எது மாற்றப்படவில்லை என்பது அந்தப் பையிலிருந்து தெரியும்.

## வழி 2: வீட்டிலேயே பார்ப்பது

இதுதான் எனக்குப் பிடித்த வழி, அதனால் கொஞ்சம் கூடவே எழுதப்போகிறேன்.

தேவையானவை கொஞ்சம்தான்: பிளக் ஸ்பானர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), வயர் இரண்டு இழுத்த ஒரு சின்ன பல்பு, பூவுக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரே போத்தல். நட்சத்திர ஸ்க்ரூடிரைவர் வாங்கும்போது மட்டும் கவனம். பழைய ஜப்பான் வண்டிகளின் ஸ்க்ரூத் தலை ஜேஐஎஸ் என்ற அளவு. கடையில் கிடைக்கும் சாதாரண பிலிப்ஸ் அதில் முழுதாக உட்காராமல் தலையைத் தின்றுவிடும்.

வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். முதலில் கார்பரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி, பெற்றோல் தடையில்லாமல் வருகிறதா பாருங்கள். டாங்க் பெயின்ட் அடித்து வந்ததென்றால் மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கலாம். கொஞ்ச தூரம் ஓடி நிற்கும், மூடியைத் திறந்தால் திரும்ப ஓடும். இதை எஞ்சின் பிழை என்று நினைத்தவர்கள் உண்டு.

அடுத்தது டெப்பட். எஞ்சின் ஓர் இரவு முழுக்க ஆறியிருக்க வேண்டும். பழைய சிறிய ஹொண்டா ட்வின்களுக்கு (இரட்டைச் சிலிண்டர் வண்டிகளுக்கு) 0.05 மில்லிமீற்றர். ஃபீலரின் மிக மெல்லிய தகடுகளில் ஒன்று அது, மெல்லிய இழுப்போடு போய்வர வேண்டும். வால்வை கிரைண்ட் செய்து பூட்டிய ஹெட்டில் வால்வு சற்று மேலே ஏறி நிற்கும், இடைவெளி குறையும். ஆறியிருக்கும்போது பட்டும் படாமலும் இருக்கும். சூடாகி உலோகம் விரிந்ததும் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் போகும், வண்டி நிற்கும். பொகவந்தலாவை ஆசிரியரின் வண்டிக்கு என் முதல் சந்தேகம் இதுதான்.

பிறகு தீப்பொறி விழும் நேரம், அதாவது இக்னிஷன் டைமிங். பற்றரியும் கொயிலும் உள்ள வண்டியில், பொயின்ட்டுக்கு வரும் வயரில் பல்பின் ஒரு முனை, எஞ்சின் உடம்பில் மறுமுனை. பொயின்ட் இடைவெளியை முதலில் 0.3 முதல் 0.4 மில்லிமீற்றருக்குள் வைத்துக்கொண்டு, சாவியைப் போட்டு, ரோட்டரை அது சுற்றும் திசையில் மெல்லத் திருப்புங்கள். பொயின்ட் திறக்கும் கணத்தில் பல்பு எரியும். அந்தக் கணத்தில், தீப்பொறி விழ வேண்டிய இடத்தைக் காட்டும் எஃப் குறி நேராக நிற்க வேண்டும். அவசரத்தில் டி குறிக்கு வைத்துவிடுவது அனுபவசாலிகளுக்கும் நடக்கும். அப்படி வைத்தால் வண்டி சூடேறும், இழுக்காது.

கடைசியாகக் காற்றுக் கசிவு. என் சொந்தக் கதையே இதுதான். போர் அடித்து வந்த என் பென்லி, ஐட்லிங்கில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. பாஸ் "ரிங் உட்காரட்டும்" என்றார். பொறுமை இல்லாமல் மரக்கறி லொறி ஒன்றில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பினேன். அங்கே ஒரு கராஜில் பெரிய மெயின் ஜெட் (முழுத் திறப்பில் பெற்றோல் விடும் துளை) போட்டார்கள். அங்கே வண்டி அருமையாக ஓடியதாம். நானுஓயா தாண்டும்போது இரண்டு பிளக்கும் அடுப்புக்கரி மாதிரி இருந்தன, ஐட்லிங் பழையபடி ஆடியது.

ஒரு ஞாயிறு காலை சவர்க்காரத் தண்ணீரை ஸ்ப்ரே போத்தலில் நிரப்பி, ஓடும் எஞ்சினில் கார்பரேட்டர் ஹெட்டோடு சேரும் இடத்தில் பீய்ச்சினேன். சட்டென்று சத்தம் மாறி, எஞ்சின் ஒரே சீராக ஓடியது. தண்ணீர் காய்ந்ததும் திரும்ப ஆட்டம். கழற்றிப் பார்த்தால், கார்பரேட்டர் ஹெட்டோடு பொருந்தும் விளிம்பான பிளேஞ்சிலிருந்த ரப்பர் ஓ ரிங் தட்டையாகி, நகத்தால் அழுத்தினால் கல் மாதிரி இருந்தது. பிளேஞ்சே இரண்டு போல்ட் பக்கமும் வளைந்திருந்தது, யாரோ என்றைக்கோ அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்கள். கண்ணாடித் துண்டின் மேல் மணல்தாள் வைத்து எட்டு வடிவத்தில் தேய்த்து மட்டமாக்கி, புது ஓ ரிங் போட்டு, பழைய ஜெட்டையே திரும்பப் பூட்டினேன். அவ்வளவுதான். கொழும்பில் செய்தது, கசிந்து நுழையும் காற்றுக்கு ஈடாகப் பெற்றோலைக் கூட்டியது. கசிவைத் தேடப் பெற்றோல் தெளித்துப் பார்ப்பவர்களும் உண்டு. சூடான எஞ்சினில் அதைச் செய்யாதீர்கள்.

இந்த வழியின் மறைந்த செலவு அலுமினியத் திருகு மரைகள். ஒரு போல்ட்டை அதிகம் முறுக்கி மரை போனால் வேலை லேத் வரை போய்விடும். தட்டும் சத்தமோ, ஒயிலில் மினுங்கும் உலோகத் தூளோ கண்டால் இந்த வழியே வேண்டாம், கிக்கைக்கூட அடிக்காதீர்கள்.

ராகலைக்காரருக்கும் இது சரிப்படாது. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் வேலைக்குப் பிறகு ஐட்லிங் ஆடுகிறது என்றால் கிராங்க் முனையில் காற்றுப் புகாமல் அடைக்கும் கிராங்க் சீல் வழியே காற்று நுழையலாம். அந்தக் காற்று பெற்றோலையும் அதோடு வரும் ஒயிலையும் சேர்த்தே நீர்த்துப்போகச் செய்யும். ஓட்டி ஓட்டிப் பார்த்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அவர் வண்டியை ஓட்டாமல், உருட்டியோ ஏற்றியோ பாஸிடம் கொண்டுபோக வேண்டும்.

## வழி 3: கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்புவது

லேத் வேலைக்குக் கீழே போகத்தான் வேண்டும். போரை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில், இரண்டு திசையில் அளந்து சொல்லக்கூடிய கருவி எல்லாப் பாஸிடமும் இருக்காது. வால்வு சீட் வெட்டுவது, கிராங்க் அழுத்துவது போன்றவையும் அப்படித்தான். பாகம் தேடுவதற்குக் கொழும்பின் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை இருக்கிறது.

ஆனால் வண்டியை ஏன் அனுப்ப வேண்டும்? சிலிண்டரையும் பிஸ்டனையும் ஹெட்டையும் துணியில் சுற்றி ஒரு பையில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போய்வரலாம். டிமோ பட்டா (சிறிய லொறி) வாடகை மிச்சம். பூட்டுவதும் டியூன் செய்வதும் நாம் ஓட்டும் உயரத்திலேயே நடக்கும்.

முழு வண்டியும் போய்த்தான் ஆக வேண்டும் என்றால், திரும்பி வந்ததும் ஒரு வேலை இருக்கிறது. காற்றளவைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் வெளியே திருப்பிப் பாருங்கள். ஊசியில் கிளிப் உள்ள கார்பரேட்டர் என்றால் கிளிப்பை ஒரு படி மேலே ஏற்றினால் ஊசி கீழே இறங்கும், நடுத் திறப்பில் பெற்றோல் குறையும். முழுத் திறப்பிலும் திணறினால் மெயின் ஜெட்டில் ஓர் எண் குறைவானது. அதே செட்டிங்கோடு திரும்பக் கொழும்புக்கு வேகமாக ஓட்டிப் போகாதீர்கள். கீழே காற்று கனமானது, பெற்றோல் போதாமல் எஞ்சின் கொதிக்கும்.

இன்னொரு மறைந்த செலவும் இருக்கிறது. மேலே உள்ள பாஸ் கீழே உள்ளவரைக் குறை சொல்வார், கீழே உள்ளவர் மேலே உள்ளவரைச் சொல்வார். நடுவில் நிற்பது நாம்தான்.

## வழி 4: புது கார்பரேட்டர், சிடிஐ

சீக்கிரமான வழி. உள்ளே ஏறி இறங்கும் ஸ்லைடு தேய்ந்து ஆடும் கார்பரேட்டருக்கும், துளைகள் உப்புப் பிடித்து அரித்துப்போனதற்கும் இதுதான் சரி. பொயின்ட் கிடைக்காத வண்டிக்கு, பொயின்ட் இல்லாமலே தீப்பொறி தரும் மின்னணுப் பெட்டியான சிடிஐயும் நியாயம்.

மற்றபடி, எஞ்சின் வேலை முடிந்த வாரத்திலேயே இதைச் செய்யாதீர்கள். ஒரு பிழையைத் தேடும்போது இன்னொரு மாற்றத்தையும் சேர்த்தால் எதனால் என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. புதிதாக வரும் கார்பரேட்டரின் ஜெட் உங்கள் வண்டிக்கென்று வெட்டியதும் இல்லை. என் வண்டிக்கு இதைச் செய்திருந்தால் கோணலான பிளேஞ்சும் கல்லான ஓ ரிங்கும் பழைய கார்பரேட்டரோடு கழன்று போயிருக்கும், வண்டியும் ஓடியிருக்கும், காரணம் மட்டும் தெரிந்திருக்காது. பழையதைக் கழற்றினால் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினையே மாற்றிவிடலாம் என்பவர்களுக்கு ஒரே வரி: எஞ்சின் இலக்கம் பதிவுச் சான்றிதழில் இருக்கிறது, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றத்தைப் பதியாமல் விட்டால் விற்கும் நாளில் அகப்படுவீர்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | பாஸிடமே | வீட்டில் | கண்டி, கொழும்பு | புதுப் பாகம் |
|---|---|---|---|---|
| காரணம் தெரியுமா | பெரும்பாலும் | வெளிப் பிழை என்றால் ஆம் | அளவுப் பிழை என்றால் ஆம் | அரிது |
| எஞ்சினுக்கு ஆபத்து | அவசர ரீபோர் | மரை போவது | குறைவு | குறைவு |
| காசு | குறைவு | மிகக் குறைவு | ஏற்றுக்கூலியோடு அதிகம் | நடுத்தரம் |
| நாள் | பாஸைப் பொறுத்தது | இரண்டு ஞாயிறு | வாரக்கணக்கு | ஒரு நாள் |
| உயரம் ஒத்துவருமா | ஆம் | ஆம் | இல்லை | ஜெட்டைப் பொறுத்தது |
| எப்போது நல்லது | சத்தம், புகை, கம்ப்ரஷன் | ஐட்லிங், சூட்டில் நிற்பது, திணறல் | போர், சீட், கிராங்க் | தேய்ந்துபோன கார்பரேட்டர் |

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பொகவந்தலாவையிலிருந்து செய்தி வந்தது. ஆசிரியர் ஃபீலரை மகனிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். இடப்பக்க எக்ஸ்ஹோஸ்ட் வால்வில் தகடு நுழையவே இல்லையாம். சரியாக்கிப் பூட்டி, நேற்று நோர்வூட் வரை போய்வந்துவிட்டார். ராகலை வண்டி சீலுக்காகக் காத்திருக்கிறது. ஹப்புத்தளைத் தம்பி இன்னும் பாஸைப் பார்க்கவில்லை, பாஸ் மகளின் கல்யாண வேலையில் இருக்கிறாராம்.